குடும்பத்தோடு பழநிக்கு முதல் பாதயாத்திரை: புறப்படுவது முதல் மலையேறுவது வரை

என் மாமியாருக்கு 63 வயது. மகனுக்கு 13, மகளுக்கு 9. என் கணவரும் நானும் சேர்த்து ஐந்து பேர். முதல் முறை பழநிக்கு நடக்கிறோம் என்றதும் சுற்றத்தார் எல்லோரும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எப்போது உட்கார வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. குழந்தையையும் பெரியவரையும் அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இடும்பன் கதையை நினைத்துப் பாருங்கள். அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வந்தான். வழியில் களைப்பாறச் சுமையை இறக்கி வைத்தான். பிறகு தூக்கிப் பார்த்தால் அசையவில்லை. குன்றின் மேல் ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்தான். அந்தச் சிறுவன் முருகன் என்பதும் அதன் பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும். பழநி மலை அங்கே இருப்பதே சுமந்து வந்தவன் ஒருவன் இளைப்பாறியதால்தான். ஆகவே வழியில் உட்கார்வதைப் பக்திக் குறைவாக யாரும் எண்ண வேண்டாம்.

1. எங்கிருந்து நடப்பது

செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் பல தலைமுறைகளாகக் காவடியோடு நடக்கிறார்கள். மதுரையிலிருந்து வருகிறவர்கள் 110 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முதல் ஆண்டே அத்தனை தூரத்துக்கு வேண்டிக்கொள்ளாதீர்கள். வேண்டுதலைச் சொல்லும்போதே, "முருகா, திண்டுக்கல்லிலிருந்து நடந்து வருகிறோம்" என்று தூரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டு வாசலிலிருந்துதான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நாங்கள் திருச்சியிலிருந்து பஸ்ஸில் திண்டுக்கல் வந்து, அங்கே தேங்காய் உடைத்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

திண்டுக்கல்லிலிருந்து பழநி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பழகியவர்கள் இரண்டு நாளில் நடந்துவிடுகிறார்கள். குடும்பத்துக்கு நான்கு நாள் வேண்டும். முதல் நாள் ரெட்டியார்சத்திரம், இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம், மூன்றாம் நாள் விருப்பாட்சியைத் தாண்டிச் சத்திரப்பட்டி, நான்காம் நாள் ஆயக்குடி வழியாகப் பழநி. இந்த நான்கில் இரண்டாம் நாள்தான் நீளமானது. அன்று தவறாமல் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால் ஒட்டன்சத்திரத்திலிருந்து தொடங்கலாம். அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இரண்டு நாள் நடை.

எப்போது போவது? தைப்பூச நாளன்றே போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். அந்தக் கூட்டத்தைக் குழந்தையோடு முதல் முறையே எதிர்கொள்ள வேண்டாம் என்பேன். பூசத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் போய்ச் சேரும்படி கிளம்பினால் சாலை முழுக்கத் துணைக்கு ஆள் இருக்கும், தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் ஆங்காங்கே தொடங்கியிருக்கும், மலையிலும் மூச்சுவிட இடம் இருக்கும்.

2. மாலையும் விரதமும்

ஒரு மண்டலம், அதாவது 48 நாள் விரதம் இருப்பவர்கள் உண்டு. 21 நாள், 11 நாள் இருப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதுவே சரி. வழக்கமே இல்லாத வீடாக இருந்தால் வீட்டில் மூத்தவர் கையால், அருகிலுள்ள முருகன் கோயிலில் மாலை போட்டுக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் குளியல், அசைவம் விலக்கு, பாயில் படுக்கை, கோபமான பேச்சைக் குறைத்தல் ஆகியவை பொதுவாகக் கடைப்பிடிப்பவை. பச்சையோ காவியோ உடுத்துவதும் வழக்கம். பிள்ளைகளுக்கு விரதத்தைக் கட்டாயமாக்காதீர்கள். என் மகள் தானாகவே மிட்டாயை விட்டாள், நாங்கள் சொல்லவில்லை. ஒரு வேளை உணவு விரதம் இருக்கும் பெரியவர்கள் நடக்கும் நாட்களிலாவது வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் நடந்தால் வெயிலில் தலைசுற்றும்.

3. ஒரு மாதம் முன்பே காலைப் பழக்குங்கள்

விரதம் எத்தனை நாளாக இருந்தாலும் நடைப் பயிற்சியைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். முதல் வாரம் தினம் 2 கிலோமீட்டர், அடுத்த வாரம் 4 என்று கூட்டிக்கொண்டே போங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு நாளாவது குடும்பம் முழுவதும் சேர்ந்து 10 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். யார் வேகம் எவ்வளவு, யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அன்று தெரிந்துவிடும். நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். எங்கள் குடும்பம் ஓய்வையும் சேர்த்து மணிக்கு 3 கிலோமீட்டர்தான் நடந்தது. பயணத் திட்டத்தை அந்த மூன்றை வைத்துத்தான் போட வேண்டும்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

4. பையில் என்ன

தோளில் மாட்டும் பை ஆளுக்கு ஒன்று போதும். உள்ளே இரண்டு செட் உடை, துண்டு, மெல்லிய போர்வை, டார்ச், தண்ணீர் பாட்டில், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, பஞ்சு, பிளாஸ்திரி, தேங்காய் எண்ணெய், உப்பும் சர்க்கரையும் சிறு பொட்டலங்களில். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனி கடுமையாக இருக்கும். தலைக்கு ஒரு மப்ளரோ துணியோ கட்டாயம். இதற்கு மேல் எதை எடுத்து வைத்தாலும் இரண்டாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் நீங்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பொட்டுக்கடலை உருண்டை ஒரு டப்பா நிறைய எடுத்துப்போய், ரெட்டியார்சத்திரத்தில் எதிரே வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துப் பாரத்தைக் குறைத்தோம்.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் பெற்றோரின் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள்.

5. சாலையில்

காலை 4 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குள் அன்றைய நடையில் பெரும்பகுதி முடிந்துவிடும். வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு மாலை 4 மணிக்கு மீண்டும் தொடங்கலாம். தார்ச்சாலை பகலில் எப்படிச் சுடும் என்பது வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த வழியில் பல இடங்களில் பாதயாத்திரை செல்வோருக்கென்று தனி நடைபாதை இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் அதைவிட்டு இறங்கவே கூடாது. இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். இருட்டில் நடப்பவர்கள் முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். சீசனில் போலீஸாரே வழியில் நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். அதற்காகக் காத்திருக்காமல் வீட்டிலிருந்தே ஒட்டிக்கொண்டு போவது நல்லது.

யார் முன்னால் நடப்பது? குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர்தான். எங்கள் வரிசையில் மாமியார் முதலில், நடுவில் பிள்ளைகள், பிறகு நான், கடைசியில் கணவர். வேகமாக நடப்பவர் முன்னால் போனால் பின்னால் வருபவர் எட்டிப் பிடிப்பதற்காகவே தன் சக்தியெல்லாம் தீர்த்துவிடுவார்.

இனி உட்கார்வது. 40 நிமிடம் நடந்தால் 10 நிமிடம் உட்கார வேண்டும். களைத்த பிறகு உட்கார்வது தாமதம், களைப்பதற்கு முன்பே உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, காலைப் பையின் மேல் சற்று உயரத்தில் நீட்டி வையுங்கள். இரண்டு வாய் தண்ணீரோ மோரோ குடியுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் தசை இறுகி எழுந்திருக்கவே கடினமாகிவிடும். முதல் நாள் நான்தான், "இன்னும் கொஞ்சம் நடந்துவிடலாம் அத்தை" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு புளியமரத்தடியில் அவர் நின்றுவிட்டார். "இடும்பனே இறக்கி வைத்தவன்தானே அம்மாடி, நாம் உட்கார்ந்தால் என்ன? வா" என்று துண்டை விரித்தார். அதற்குப் பிறகு எங்கள் நடையின் கணக்கு அவர் கையில்தான் இருந்தது.

"வெற்றிவேல் முருகனுக்கு" என்று ஒருவர் குரல் கொடுத்து மற்றவர்கள் "அரோகரா" சொல்வது பிள்ளைகளுக்குப் பெரிய ஊக்கம். கால் சோர்ந்த நேரத்தில் என் மகளைத்தான் குரல் கொடுக்கச் சொல்வோம். முன்னால் போகும் முன்பின் தெரியாத கூட்டம் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லும். அவள் அடுத்த ஒரு கிலோமீட்டரைத் தானாக நடந்துவிடுவாள்.

6. பாதம்

செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்களைத் தவிர மற்றவர்கள் பழகிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளலாம். பழகிய என்ற சொல் முக்கியம். பயணத்துக்கென்று மகனுக்குப் புதுச் செருப்பு வாங்கினோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். உள்ளே தண்ணீர் தளும்பியது. ஊசியால் குத்திவிடச் சொன்னவர்கள் சிலர். குத்தினால் அழுக்கு உள்ளே போகும். சுத்தமான தண்ணீரில் கழுவித் துடைத்தோம். பஞ்சைச் சிறு வளையமாகத் திரித்துக் கொப்புளத்தைச் சுற்றி வைத்து, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். அழுத்தம் வளையத்தின் மேல் விழுந்ததால் அவன் நடக்க முடிந்தது. தானாக உடைந்துவிட்டால் மேல்தோலை உரிக்காமல் கழுவி, மருந்து தடவி மூடிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அவர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. என் மாமியாருக்கும் சர்க்கரை உண்டு. ஒவ்வோர் இரவும் என் மகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பாட்டியின் காலடியில் உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு விரலிடுக்காக விலக்கிப் பார்த்து, குதிகாலை அழுத்தி, "வலிக்கிறதா பாட்டி?" என்று கேட்டு, எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் படுப்பாள். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவருக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

7. தங்குமிடம், கழிப்பறை

வழியில் மண்டபங்களும் சத்திரங்களும் உண்டு. விசேஷ நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒருவர் முன்கூட்டியே போய்ப் பேசி வைப்பது நல்லது. பெண்களுக்குக் கழிப்பறைதான் பெரிய கவலை. அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், அது உடம்பைக் கெடுக்கும். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்ட இடமெல்லாம், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்விட்டு வந்துவிடுங்கள்.

அன்னதானத்தில் வாங்கிச் சாப்பிடலாம், கூச்சம் வேண்டாம். வேண்டிய அளவு மட்டும் வாங்கி, இலையை அவர்கள் வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள்.

8. பழநியில்

ஆயக்குடியைத் தாண்டியதும் மலை தெரியத் தொடங்கும். பிள்ளைகள் ஓடப் பார்ப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே மலையேறாமல் அறை எடுத்துக் குளித்துத் தூங்கி எழுவது குடும்பத்துக்கு ஏற்றது. முடி காணிக்கை இருந்தால் மறுநாள் காலை சரவணப் பொய்கை அருகே செலுத்திவிட்டு நீராடலாம். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டை போடக் கட்டணம் இல்லை.

முதலில் அடிவாரத்தில் திருஆவினன்குடி. அறுபடை வீடுகளில் மூன்றாவது இதுதான். அதன் பிறகு பாத விநாயகரை வணங்கிவிட்டுப் படியேறுங்கள். ஏறத்தாழ 700 படிகள். 60 கிலோமீட்டர் நடந்த தொடைக்கு இது தனிச் சோதனை. படி ஏற முடியாதவர்களுக்குச் சாய்வாகப் போகும் யானைப் பாதை இருக்கிறது. இழுவை ரயிலும் ரோப் காரும் உண்டு. பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்தும் நேரங்கள் உண்டு என்பதால் அடிவாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். படி வழியில் இடும்பன் சந்நிதி வரும். அவரை வணங்கிய பிறகே மேலே போவது மரபு. என் மாமியார் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அடிவாரத்தில் பாதுகாப்பாக வைக்க இடம் இருக்கிறது. குடும்பம் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி வையுங்கள். மேலே போய்த் தொலைபேச முடியாது.

சித்தர் போகர் நவபாஷாணம் என்னும் ஒன்பது நச்சுப்பொருள் கலவையால் செய்தார் என்று போற்றப்படும் அந்தத் திருமேனியின் முன் நிற்கக் கிடைப்பது சில நொடிகள்தான். என்ன கேட்பது என்று வரிசையிலேயே நினைத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நடக்கும் சாயரட்சை பூஜைக்குப் போனால் ராஜ அலங்காரம் பார்க்கலாம். காலையில் தரிசனம் முடித்தவர்கள்கூட அதற்காக மாலைவரை மலையில் தங்குவதுண்டு. வெளியே வரும்போது போகர் சந்நிதியை விட்டுவிடாதீர்கள்.

9. திரும்பும்போது

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தான விற்பனை நிலையத்திலேயே வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது இது. நடந்து வந்த வழியில் பார்த்த விருப்பாட்சி மலைவாழைப்பழம்தான் இதன் உயிர். தண்ணீர் சேராமல் செய்வதால் ஊர் போய்ச் சேரும்வரை கெடாது.

திரும்புவது பஸ்ஸிலோ ரயிலிலோ. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி மாலையைக் கழற்றுங்கள். அன்றிரவு வெதுவெதுப்பான நீரில் கல்லுப்பு போட்டு எல்லோரும் காலைச் சற்று நேரம் வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நீரின் சூட்டை வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அன்றும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து மகள் உட்கார்ந்தாள்.