அடர்த்தியும் ஒலிவேகமும்: கரைசல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரைசலில் மூலக்கூறுகளுக்கிடையே நிகழும் இடைவினைகளை அடர்த்தி, ஒலிவேகம் ஆகியவற்றைக் கொண்டு ஆராய வரும் புதியவர்கள், முன்பு வந்தவர்கள் செய்த பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். பாட்டிலைக் கழுவுவது, குமிழியை நீக்குவது போன்றவற்றை எந்தச் செய்முறைக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீரின் அடர்த்தியை நூலிலிருந்து எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. கரைசல்களையெல்லாம் தம் கருவியில் அளந்துவிட்டு, தூய நீருக்கு மட்டும் 25° செல்சியஸில் 0.99705 கிராம்/செ.மீ³ என்ற நூல் மதிப்பைப் போட்டுவிடுகிறார்கள். தோற்ற மோலார் கனஅளவை (கரைசலில் ஒரு மோல் கரைபொருள் பிடிப்பதாகத் தோன்றும் கனஅளவை) கணக்கிடும்போது நீருக்கும் கரைசலுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டை மோலாலிட்டியால், அதாவது ஒரு கிலோகிராம் நீரில் உள்ள கரைபொருளின் மோல் எண்ணிக்கையால், வகுக்கிறோம். இரண்டையும் ஒரே கருவியில், ஒரே வெப்பநிலையில் அளந்திருந்தால் கருவியின் நிலையான பிழை பெரும்பாலும் கழிந்துபோகும், ஒன்றை நூலிலிருந்து எடுத்தாலோ அப்பிழை முழுதாகத் தங்கி, நீர்த்த கரைசலில் பல மடங்காகிவிடும்.

கிளைசீனை எடுத்துக்கொள்வோம். நீரில் முடிவிலி நீர்த்தலில் (செறிவு சுழியத்தை நெருங்கும் எல்லையில்) அதன் தோற்ற மோலார் கனஅளவு சுமார் 43.2 செ.மீ³/மோல், செறிவு கூடும்போது இது மெல்ல உயரும். நீருக்கு நூல் மதிப்பைப் போட்டு, கருவி எல்லா அடர்த்தியையும் 0.00005 குறைத்துக் காட்டினால், 0.5 மோலாலில் பிழை 0.1 செ.மீ³ மட்டுமே, 0.02 மோலாலில் அதுவே 2.5 ஆகிறது. செறிவுக்கு எதிரே வரையும்போது ஏற வேண்டிய கோடு இறங்கிவிடும்.

அப்படியொரு வரைபடத்தைக் கொண்டுவந்த ஆராய்ச்சி மாணவர், கரைபொருள் மூலக்கூறுகளுக்கிடையே இடைவினை வலுவற்றது என்று அந்த எதிர்ச்சாய்வை வைத்துப் பக்கக்கணக்கில் எழுதியிருந்தார். நீர்த்த முனையில் புள்ளிகள் மேல்நோக்கி வளைந்ததற்கும் ஒரு தனிப் பத்தி. உண்மையில் அந்த வளைவு, மாறாப் பிழையைச் செறிவால் வகுத்ததால் வந்தது. நீரின் அளவீடு குறிப்பேட்டில் இல்லாததால், முழு வரிசையையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று.

நீரின் அடர்த்தியை 0.00001 கூட்டியும் குறைத்தும் கணக்கைத் திரும்பப் போடுங்கள்; சாய்வின் குறி மாறினால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அடர்த்தி பாட்டிலில் நான்காம் தசம இடமே நிலையாக நிற்பதில்லை. அதை வைத்துக்கொண்டு 0.02 மோலாலுக்கு இறங்குவது வீண் வேலை.

மோல் பின்னத்தில் நேர்கோடு

அடர்த்தியை ஒலிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கித் தலைகீழாக்கினால் கிடைக்கும் அமுக்கத்தன்மை (அழுத்தத்தில் திரவம் எவ்வளவு சுருங்கும் என்பது), இலட்சியக் கலவையில்கூட மோல் பின்னத்தோடு (மொத்த மோல்களில் ஒரு கூறின் பங்கோடு) நேர்கோட்டில் மாறுவதில்லை. அந்த இலட்சிய மதிப்புக்குப் பென்சனும் கியோஹாராவும் 1979-இல் வகுத்த சமன்பாட்டில் வெப்ப விரிவுக் கெழுவும் வெப்பக் கொள்ளளவும் சேர்கின்றன. அவை இல்லாமல் கணக்கிட்ட 'மிகை' மதிப்பின் (அளந்ததற்கும் இலட்சிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டின்) குறியைப் பார்த்து ஹைட்ரஜன் பிணைப்பு என்று முடிவுகட்டுவது அவசரம்.

வெப்பநிலை

வெப்பநிலையை நிலையாக வைக்கும் நீர்த்தொட்டியின் திரை காட்டுவது தொட்டியின் வெப்பநிலை. அளவீட்டுக் கலத்துக்குள் இருக்கும் திரவம் அதை எட்டச் சற்று நேரமாகும். 25° அருகே நீரில் ஒலிவேகம் பாகைக்கு ஏறத்தாழ 2.7 மீ/வி கூடுகிறது, எத்தனாலில் குறைகிறது.

மைக்ரோமீட்டர் திருகு

ஒலிவேகம் அளக்கும் கருவியின் இந்தத் திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள்; திசை மாற்றினால் திருகின் தளர்வு அளவீட்டில் புகுந்துவிடும்.