நோயாளிக்குத் துணையிருப்போர் வார்டு செவிலியரை அணுகும் முறை

உசிலம்பட்டி, மேலூர், சிவகங்கை என நாலாபுறத்திலிருந்தும் மதுரை மருத்துவமனைகளுக்கு நோயாளியை அழைத்து வருவோருக்காக, இந்நகரில் நெடுங்காலம் வார்டில் பணிபுரிந்த செவிலியராக இதை எழுதுகிறேன். ஊசி போடுபவர், டாக்டர் சொன்னதைச் செய்பவர் என்றே பலரும் எங்களை அறிந்திருக்கிறார்கள். உண்மையில் எங்கள் வேலையின் பெரும்பகுதி, நோயாளியிடம் தோன்றும் சிறு மாற்றத்தையும் விடாமல் கவனிப்பதே.

பெண்ணைச் சிஸ்டர் என்றும் ஆணைப் பிரதர் என்றும் அழைத்தால் போதும். கை சொடுக்கிக் கூப்பிட வேண்டாம். பட்டயப் படிப்புக்கு 3 ஆண்டு, பட்டப் படிப்புக்கு 4 ஆண்டு படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே நாங்கள் வார்டுக்கு வருகிறோம்.

டியூட்டி மாறும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் ஒப்படைப்போம். அவசரமில்லாத கேள்விகளை அது முடிந்தபின் கேளுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம், இரத்தக்கசிவு என்றால் எந்த நேரமும் பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள்.

டிரிப் மெதுவாக இறங்குகிறதென்று அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையை நீங்களே திருகிவிடாதீர்கள். 1 மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் 500 மில்லி பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு என்று கணக்கிட்டு வைத்திருப்போம். இதய நோயாளிக்கு அதை வேகமாகத் திறந்துவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். ஊசி ஏறிய இடம் வீங்கினாலோ வலித்தாலோ சொல்லுங்கள். அது எங்களுக்குப் பேருதவி.

ஒருநாள் நைட் டியூட்டியில், கணவருக்குத் துணையிருந்த அம்மா ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "இவரு பேச்சு ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர், உடம்பெல்லாம் வேர்க்குது" என்றார். அந்தக் கணவர் சர்க்கரை நோயாளி. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது; குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். என்ன நோய் என்று அந்த அம்மா சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்: எத்தனை முறை வாந்தி, சிறுநீர் எவ்வளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டார்.

இரவில் செவிலியர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதாக எண்ணிவிடாதீர்கள். கொடுத்த மருந்தும் நேரமும் கேஸ் ஷீட்டில் ஏறாவிட்டால், அடுத்து வருபவர் அதே மருந்தை மறுபடி கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்ற பழிச்சொல்தான் எங்களை மிகவும் வருத்துவது.

எங்களிடம் தவறு நேர்ந்தால் நேரத்தையும் நடந்ததையும் குறித்துக்கொண்டு வார்டு பொறுப்பாளரிடம் புகார் கொடுங்கள், அது உங்கள் உரிமை. கை ஓங்குவது தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் எந்த மாத்திரை எப்போது என்று செவிலியரிடம் கேட்டு, கேட்டதை அவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.