விருந்து வீட்டுக்கு என்ன கொண்டுபோகக் கூடாது

சென்னையில் வீட்டு விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். பத்துப் பேர், பதினைந்து பேர், மிஞ்சினால் இருபது. விருந்தாளிகள் கொண்டுவரும் பைகள் எல்லாம் கூடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில் என் சமையல் மேடைக்குத்தான் வந்து சேர்கின்றன. போன சனிக்கிழமை வந்தவை: இரண்டு கிலோ பால்கோவா, ஓர் ஐஸ்கிரீம் கேக், முழ நீளக் காம்போடு லில்லிப் பூங்கொத்து, ஒரு சிவப்பு ஒயின். இந்த நான்கையும் நானும் ஒரு காலத்தில் யார் வீட்டுக்காவது சுமந்து போயிருக்கிறேன். அதனால்தான் பார்க்கும்போது எரிச்சல் இரட்டிப்பாகிறது.

குடிக்காத வீட்டுக்குப் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், சுத்த சைவ வீட்டுக்கு முட்டை சேர்த்த கேக் வேண்டாம் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அவ்வளவுகூடத் தெரியாதவர்களை யார் அழைக்கப்போகிறார்கள்?

விலை உயர்ந்த சிவப்பு ஒயின்

சமையலுக்கு வருமுன் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சம்பளம் உயர்ந்த மாதம் அது. நண்பர் ஒருவர் விருந்துக்கு அழைத்தார். அவருடைய அம்மாவுக்குக் காரைக்குடிப் பக்கம். வெறுங்கையோடு போகக் கூடாது, அதுவும் அற்பமாக எதையும் கொண்டுபோகக் கூடாது என்ற வீம்பில் கடைக்காரரிடம் "இருப்பதிலேயே நல்லதைக் கொடுங்கள்" என்றேன். ஓக் மரப் பீப்பாயில் ஊறிய, 14.5 சதவீதம் ஆல்கஹால் உள்ள, கனத்த சிவப்பு ஒயின் ஒன்றை எடுத்து வைத்தார். வீட்டு வாடகையில் பாதி போயிற்று.

அங்கே மிளகு நண்டும், வரமிளகாய் கிள்ளிப்போட்ட கோழி வறுவலும் தயாராக இருந்தன. கார்க் திறக்கும் திருகு அந்த வீட்டில் இல்லை. நண்பர் மோர் கடையும் மத்தைத் தலைகீழாகப் பிடித்து, காம்பால் கார்க்கை அழுத்தினார். அது பொளுக்கென்று உள்ளே விழுந்தது. ஒயின் பீறிட்டு அவர் சட்டையில் அடித்தது. மிச்சத்தை, கார்க் துணுக்குகள் மிதக்க, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினோம். ஒரு வாய் வறுவல், ஒரு மிடறு ஒயின். நாக்கு பற்றி எரிந்தது. பற்களில் பச்சை வாழைக்காயைக் கடித்தாற்போல ஒரு துவர்ப்பு. ஐந்து நிமிடத்தில் எல்லோர் கையிலும் அவருடைய அம்மா கரைத்த மோர் இருந்தது. அந்த மத்து மறுபடி தன் வேலைக்குத் திரும்பியிருந்தது.

பிறகுதான் காரணம் புரிந்தது. மிளகாயில் எரிவது காப்சைசின். அது தண்ணீரில் கரையாது; கொழுப்பிலும் ஆல்கஹாலிலும் கரையும். அப்படியானால் ஒயின் காரத்தைக் கழுவிவிடாதா என்று கேட்பீர்கள். ஒயினில் பெரும்பகுதி தண்ணீர்தான். கழுவுகிற அளவுக்கு அதில் ஆல்கஹால் கிடையாது. ஆனால் காரத்தை உணர்கிற அதே நரம்பு முனைகளை உசுப்பிவிடுகிற அளவுக்கு இருக்கிறது. போதாக்குறைக்கு, சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தருகிற டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொண்டு வாயை வறளவைக்கிறது. மோர் கைகொடுப்பதற்குக் காரணம் பாலின் கேசீன் புரதம் காப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போவது. விலையைப் பார்த்துச் சிவப்பு ஒயின் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் ஓக்கும் டானினும் தூக்கலான பாட்டில்தான் கிடைக்கும். அதாவது, காசு கொடுத்து எரிச்சலை வாங்குகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் குடிப்பது சாப்பாட்டுக்கு முன்னால்தான். ஏழரைக்கு வந்து உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் மசாலாக் கடலை, மீன் வறுவல், மட்டன் சுக்கா. சாதம் வந்துவிட்டால் கிளாஸ் ஒதுங்கிவிடும். ஆகவே பிரியாணிக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். பொருந்த வேண்டியது அந்த வறுவலோடு. லேசாக இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை ஒயின் அதற்குப் போதும்: ரீஸ்லிங், இல்லையென்றால் செனின் பிளாங். செனின் பிளாங் நாசிக்கிலேயே தயாராகிறது. இறக்குமதிச் சரக்கைவிட விலையும் குறைவு. திருகு மூடி உள்ள பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள், மத்துக்கு வேலை வராது. குளிர வைத்தே எடுத்துப் போங்கள். மறந்துவிட்டால், ஐஸும் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் போட்ட வாளியில் இருபது நிமிடம் அமிழ்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை அந்தச் சிவப்பு ஒயினைக் கொண்டுவந்த பையன் சமையலறை வாசலுக்கு வந்தான். "ஏன் அக்கா யாருமே அதைத் தொடவில்லை?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர், வருத்தத்தினால் அல்ல, சுக்காவினால். "முதலில் மோர் குடி தம்பி" என்றேன்.

புதுச்சேரி பாட்டில்

மலிவு என்று எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள். பிடிபட்டால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. விருந்து குஜராத்திலோ பீகாரிலோ என்றால் பேச்சே வேண்டாம். முதலாவதில் மாநிலம் பிறந்த 1960 முதலே மதுவிலக்கு, மற்றதில் 2016 முதல்.

இரண்டு லிட்டர் கோலா

காரத்தில் ஏற்கெனவே எரியும் நாக்கைக் குமிழிகள் மேலும் குத்தும். குடிக்காதவர்களுக்கென்று வாங்குவதானால் நன்னாரி சர்பத் வாங்குங்கள். எலுமிச்சை பிழிந்து, ஐஸ் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. மிச்சம் அலமாரியில் நிற்கும். வாயு போன கோலாவைப் போல மறுநாள் கொட்ட வேண்டியதில்லை.

வேலை வைக்கும் பரிசு

லில்லிப் பூங்கொத்து அழகுதான். அதை நிறுத்தி வைக்க ஜாடி தேடி அந்த வீட்டம்மா பரணில் ஏறினார். அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஏணியைப் பிடித்தவள் நான். ஐஸ்கிரீம் கேக்குக்காக ஃபிரீசரிலிருந்த மீனை வெளியே எடுத்தோம். பால்கோவாவுக்கு ஃபிரிட்ஜில் இடமில்லை. பால் இனிப்பு நாள் தாங்காது. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இரண்டு கிலோவை யார் தின்பது? கால் கிலோ மைசூர்பாகு மேல். அதைவிட மேல், அன்றைக்கு அரைத்த காப்பித் தூள். சிக்கரி கலந்ததா கலக்காததா என்று மட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பூவேதான் வேண்டுமென்றால் வாழையிலையில் பொதிந்த இரண்டு முழம் மல்லிகை. ஜாடி தேவையில்லை. ஆனால் பூ வைத்துக்கொள்ளாத பெண்மணி அந்த வீட்டில் இருக்கலாம். "சாமிக்கு வாங்கி வந்தேன்" என்று சொல்லிக் கொடுத்தால் யார் முகமும் மாறாது. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை எழுத எனக்கு மனமில்லை.

புரட்டாசி, கார்த்திகை

போன மாதம் உங்களோடு குடித்தவர் இந்த மாதம் விரதமாக இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சமண வீடு

பலர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மண்ணுக்கடியில் விளைவதைத் தொடமாட்டார்கள். இரவு எட்டரைக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டோடு போய் நின்றவள் நான்.

அங்கேயே பிரித்துப் பார்க்கச் சொல்வது

கூடாது.

டப்பா

வீட்டில் செய்ததைக் கொண்டுபோனால், டப்பாவை அன்றிரவே கையோடு கேட்காதீர்கள். காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தர நம்மவர்களுக்கு மனம் வராது. நீங்கள் கேட்டால் அந்த அம்மாள் அந்த அகாலத்தில் அதில் போட எதையாவது தேடுவார். அவர் தேடி வருவது என்னிடம். அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, நான் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரம் அது.