சுமை தாங்கும் சைக்கிள் பிரேமைப் பார்த்து வாங்குவது எப்படி?

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் பலரும் செய்கிற முதல் காரியம், வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு "நல்லா லேசா இருக்கே" என்பதுதான். சேலத்தில் சூரமங்கலத்திலிருந்து அஸ்தம்பட்டிக்குத் தினமும் வேலைக்குப் போகவும், லீவு கிடைத்தால் பைகளைக் கட்டிக்கொண்டு ஏற்காடு ஏறி ரெண்டு நாள் தங்கிவரவும் ஒரே வண்டி வேண்டும் என்றால், எடையைக் கடைசியில் பார்த்தால் போதும். சுமை எங்கே உட்காரும், அதைப் பிரேம் எந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் கியர் சைக்கிள் அலுமினியம், முன்னால் சஸ்பென்ஷன், பின்னால் கேரியர் மாட்ட ஓட்டையே கிடையாது. சீட் குழாயில் கிளாம்ப் போட்டு ஒரு கேரியரை மாட்டியிருந்தேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்ததும் கிளாம்ப் திரும்பி, பை பின்சக்கரத்தில் போய் உரசி, வண்டி ஓரச்சுவர் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கால் ஊன்றி நிறுத்திவிட்டேன். அன்றைக்கே அடுத்த வண்டிக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் வேலை, வீட்டில் இருக்கும் தராசில் சுமையை நிறுத்துவிடுங்கள். ஆபீஸ் பை, சாப்பாடு, தண்ணீர், பூட்டு எல்லாம் சேர்ந்து ஐந்தாறு கிலோ வரலாம், கூடாரமும் துணியும் சேர்ந்தால் 15 கிலோவைத் தாண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. அந்தச் சுமையோடு இவ்வளவு ஏறி, அப்புறம் அதே சுமை முதுகைத் தள்ள இறங்கியும் வர வேண்டும்.

அடுத்தது உலோகம். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஸ்டீல். ஒரு அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை அதிர்ந்தாலும் ஸ்டீல் அசராது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது, சின்னச் சின்ன அதிர்வும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். அதற்காக அலுமினியம் மட்டம் என்று அர்த்தமில்லை, குழாயைப் பருமனாகச் செய்து அதை ஈடுகட்டுகிறார்கள். ஆனால் விரிசல் விட்டால் கதை வேறு. அலுமினியத்தைப் பற்றவைத்த இடம் சூட்டில் பலம் இழந்துவிடும், ஸ்டீலாக இருந்தால் கைத்தேர்ந்த ஒருவர் பித்தளைக் கம்பி வைத்து கேஸ் வெல்டிங்கில் ஒட்டிக் கொடுத்துவிடலாம். சேலத்துக்காரர்கள் நம் உருக்காலையை நினைத்துக் குழம்ப வேண்டாம், அங்கே உருவாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சைக்கிளுக்கு நீங்கள் கேட்க வேண்டியது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ஸ்டீல், 4130 என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும். ஹை-டென் என்றால் சாதா ஸ்டீல், கொஞ்சம் கனம். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் அதுவே தாராளம்.

இப்போது குனிந்து பின்சக்கர அச்சுப் பக்கம் பாருங்கள். இரண்டு பக்கமும் மரை போட்ட ஓட்டை இருக்க வேண்டும், மேலே சீட்டுக்குக் கீழேயும் இரண்டு இருக்க வேண்டும். ஐந்து மில்லி போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் விரலாலேயே திருகிப் பாருங்கள், பெயின்ட் அடைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மட்கார்டுக்கு என்று தனி ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. முன் போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, சஸ்பென்ஷன் இல்லாததாக, நடுவில் ஓட்டை உள்ளதாகப் பாருங்கள், நாளைக்கு முன்னாலும் பை மாட்டலாம்.

டேப் எடுத்து, பெடல் கைகள் இரண்டும் சேர்ந்து சுற்றுகிற நடு அச்சின் மையத்திலிருந்து பின்சக்கர அச்சு மையம் வரை அளந்து பாருங்கள். இதைக் கடைகளில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் உயிர். 44 முதல் 46 சென்டிமீட்டர் இருந்தால் பை மாட்டினாலும் குதிகால் இடிக்காது, இறக்கத்தில் வண்டி அலையாமல் நேராகப் போகும். ரேஸ் சைக்கிளில் இது 41 பக்கம்தான் இருக்கும், அதில் பெரிய பை மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் தட்டும். டயருக்கு இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், 40 மில்லி டயரும் மட்கார்டும் சேர்ந்து போக வேண்டும்.

அளவு சுலபம். காலை ஊன்றி நின்றால் மேல் பாருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சுமையோடு சரிகிற வண்டியைத் தாங்கி நிற்க அந்த இடம் அவசியம்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? ஹேண்டில் பாருக்குக் கீழே, இரண்டு குழாய் வந்து சேருகிற மூலையை விரல் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். பெயின்ட் சுருங்கி அலையாக இருந்தால் முன்னால் எங்கேயோ மோதியிருக்கிறது, விட்டுவிட்டு வந்துவிடலாம். அப்புறம் ஒரு நூல் சோதனை. பின் அச்சு மாட்டுகிற இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் செருகியிருக்கும் பிரேம் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு மில்லி வித்தியாசம் பரவாயில்லை, மூன்று நான்கு மில்லி என்றால் பிரேம் கோணியிருக்கிறது.

கடைசியாக, சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைக் கேரியரில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டி, கோரிமேட்டு ஏற்றம் வரை போய்த் திரும்புங்கள். இறங்கும்போது ஹேண்டில் தானாக ஆடுகிறதா, வளைவில் பின்பக்கம் தனியாக இழுக்கிறதா என்று கவனியுங்கள். ஆடினால் முதலில் பை கட்டிய கயிற்றை இறுக்கி இன்னொரு முறை பாருங்கள், அப்போதும் ஆடினால் அந்தப் பிரேம் உங்கள் சுமைக்கு ஆகாது. வாங்கி முதல் தடவை ஏற்காடு கிளம்பும் அன்று, அடிவாரத்தில் நிறுத்தி டீ சொல்லிவிட்டு, கேரியர் போல்ட் நான்கையும் ஆலன் கீயால் ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள்.