உதகை மலர்க் கண்காட்சிக்குச் செல்வோர் கவனத்திற்கு

ஆண்டுதோறும் மே மாதத்தில் உதகை அரசு தாவரவியல் பூங்காவில் நடைபெறும் மலர்க் கண்காட்சியைக் காண விரும்புவோர், வார இறுதியைத் தவிர்த்து, வார நாளில் பூங்கா திறந்தவுடனே உள்ளே செல்வது மிகவும் நல்லது. பிற்பகலில் கூட்டம் பெருகுவதோடு, கோடை மழையும் அடிக்கடி பெய்யும் என்பதால் குடையும் கம்பளிச் சட்டையும் அவசியம். சொந்த வாகனத்தில் வருவோர் இ-பாஸ் பெற்றிருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை உள்ளது.

1848-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் சரிவான மலைப்பகுதியைச் சீர்ப்படுத்தி உருவாக்கிய இப்பூங்காவில், 1896-ஆம் ஆண்டில் தொடங்கிய கண்காட்சி இன்று நூறு பதிப்புகளைக் கடந்து நிற்கிறது. பெரும்பாலானோர் மலர்களால் அமைக்கப்பட்ட உருவங்களின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, மே மாதத்தில் பூக்கும்படி வளர்த்தெடுத்த தொட்டிச் செடிகளின் வரிசைகளையும், சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானதாகக் கூறப்படும் கல்மரத்தையும் (கல்லாக மாறிய மரம்) நிதானமாகப் பார்ப்பதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.