ஆல்பைன் ஸ்னோபோர்டுல கார்விங்: கத்துக்கும்போதும் வீடியோ எடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பிப்ரவரில பிரான்ஸ்ல கிரெனோபிள்ல இருக்கற அத்தை வீட்டுக்குப் போயிருந்தப்ப பதினோரு நாள் ஷாம்ரூஸ் மலைல போர்டு ஓட்டினேன் (தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், அதனால எங்க குடும்பத்துல பாதி பேர் அங்க, பாதி பேர் முத்தியால்பேட்டைல, பாண்டில இது சாதாரணம்). 1968 குளிர்கால ஒலிம்பிக்ல ஸ்கீ வீரர் ழான் குளோட் கில்லி மூணு தங்கம் ஜெயிச்ச மலை அது. அங்க எடுத்த நாப்பது சொச்சம் கிளிப்பையும் வீட்டுக்கு வந்து ஃபிரேம் ஃபிரேமா ஓட்டிப் பாத்தேன், கத்துக்கறதுக்கு உதவினது ஆறோ ஏழோதான். மீதியெல்லாம் பாக்க அழகா இருக்கு, ஆனா எட்ஜ், அதாவது போர்டோட ஓரம், எந்த இடத்துல பனியக் கடிக்குதுன்னு மட்டும் தெரியல. நமக்கு வேண்டியதே அதுதான்.

ஆல்பைன் போர்டுனா சாதாரண போர்டு மாதிரி இல்ல, நடுவுல 18 லருந்து 21 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும், ஸ்கீ பூட் மாதிரி கெட்டி பூட் போட்டு ரெண்டு காலையும் 50, 60 டிகிரி முன்பக்கமா திருப்பி மாட்டுவாங்க. அப்பதான் போர்ட எவ்வளவு சாச்சாலும் பூட் பனில இடிக்காது. கார்விங்னா போர்டோட அந்த ஓரத்து மேலயே வழுக்காம ஓடறது. எவ்வளவு சாய்க்கறோமோ அவ்வளவு சின்ன வளைவு வரும். போர்டோட சைட்கட், அதாவது பக்க ஓரத்து வளைவோட ஆரம், 12 மீட்டர்னு வைங்க, 60 டிகிரி சாச்சா நீங்க திரும்பற வளைவோட ஆரம் சுமாரா 6 மீட்டருக்கு வந்துடும். அதனால வீடியோல முதல்ல பாக்க வேண்டியது போர்டு எவ்வளவு சாயுது, எப்ப சாயுதுன்றதுதான்.

செல்ஃபி ஸ்டிக் வேணாம், தயவுசெஞ்சு வேணாம். ஒரு கைல குச்சிய நீட்டி பிடிச்ச உடனே அந்தத் தோள் கேமரா பக்கம் திரும்பிடுது, தோள் திரும்பினா இடுப்பு திரும்புது, அப்புறம் வீடியோல தெரியற தப்பு உங்க தப்பா குச்சியோட தப்பான்னு கண்டுபிடிக்கவே முடியாது. பின்னாடியே ஒருத்தர் ஆக்‌ஷன் கேமராவோட துரத்திக்கிட்டு வர்றதும் படிக்கறதுக்கு ஆகாது, வைடு லென்ஸ்ல சரிவு தட்டையா தெரியும், ஓரத்துல வர்ற கோடெல்லாம் வளையும். எடுக்கறவர் கீழ ஓரமா நின்னு நீங்க இறங்கி வர்றத நேருக்கு நேரா எடுக்கணும், அதுல சாய்வு தெரியும். இன்னொரு தடவ பக்கவாட்டுல நின்னு எடுக்கணும், அதுல முட்டி எவ்வளவு மடியுது, வெயிட்டு முன்னாடியா பின்னாடியான்னு தெரியும். நிக்கறவர் மேட்டுக்குக் கீழ மறைவா நிக்கவே கூடாது, மேலருந்து வர்றவங்க கண்ணுக்குப் பட்டே ஆகணும்.

இதுல பலபேர் கவனிக்காதது கேமராவே சாஞ்சிருக்கறது. சரிவுல நிக்கறப்ப கை தன்னால சரிவோட சேந்து சாயுது, பத்து டிகிரி கேமரா சாஞ்சா டோ சைடு (கால்விரல் பக்கம் சாயற திருப்பம்) பிரமாதமாவும் ஹீல் சைடு (குதிகால் பக்கம்) மோசமாவும் தெரியும், ரெண்டுமே பொய். ஃபிரேம்ல ஒரு பைன் மரம் வர்ற மாதிரி வைங்க, மரம் சரிவுல நின்னாலும் நேராதான் வளரும். லிஃப்ட் கம்பத்த நம்பாதீங்க, அது நிறைய இடத்துல சரிவுக்கேத்தபடி சாச்சுதான் நட்டிருப்பாங்க.

மத்தது சின்ன விஷயம். பனி வெளிச்சத்துல போன் ஏமாந்து படத்த சாம்பலாக்கிடும், எக்ஸ்போஷர கொஞ்சம் ஏத்திக்கோங்க. செகண்டுக்கு 60 ஃபிரேம் போதும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், போன உள் பாக்கெட்லயே வைங்க.

இப்ப ஓட்டறதுல வர்ற தப்பு. பெரிய தப்பு, கையால பனியத் தொட ஆசப்படறது. போட்டோல கார்வ் பண்றவங்க கை பனியத் தேய்க்குதுல்ல, அதப் பாத்துட்டு நாமளும் இடுப்ப மடிச்சு கைய கீழ நீட்டறோம், உடம்பு உள்ள விழுது, போர்டு மட்டும் தட்டையாவே இருக்கு, கொஞ்ச நேரத்துல எட்ஜ் விட்டுடுது. அத்தை பையன் ஒவ்வொரு ரன்லயும் ஒரே வார்த்தைதான் கத்தினான், "மச்சான், இடுப்ப மடிக்காத, முட்டிய மடி!" போர்டு நல்லா சாஞ்சா பனி தானா கைக்கிட்ட வரும். ஹீல் சைடுல இதே தப்பு வேற உருவத்துல வரும், நாற்காலில உக்கார்ற மாதிரி பின்பக்கம் வெளிய போகும், போர்டு டடடடன்னு குதிக்க ஆரம்பிக்கும். ரெண்டு முட்டியும் வளைவுக்கு உள்பக்கமா போகணும், கண்ணு அடுத்து போகப்போற இடத்துல இருக்கணும்.

நம்ம ஊர் சர்ஃப் பசங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். செரினிட்டி பீச்ல பழகின உடம்பு பின்னங்கால அமுக்கித் திருப்பும், அங்க அது சரி, இங்க அப்படிப் பண்ணா வால் வழுக்கிடும், பனில விழற கோடு விசிறி மாதிரி பரந்துடும். வளைவு ஆரம்பிக்கறப்ப வெயிட்டு முன்னாடி இருக்கணும். நான் இப்ப பீச் ரோட்ல வண்டி விடறதுக்கு முன்னாடி, காலைல ஆறு மணிக்கு சர்ஃப்ஸ்கேட்ல (சர்ஃப் மாதிரி திரும்பற ஸ்கேட்போர்டு) தோளையும் கண்ணையும் மட்டும் பழக்கிக்கறேன், எட்ஜ அதுல பழக முடியாது, சக்கரத்துக்கு ஓரம் கிடையாது.

ரேஸ் வீடியோ பாத்து அப்படியே காப்பி அடிக்காதீங்க. எஸ்தர் லெடெட்ஸ்கா 2018 ல ஒரே ஒலிம்பிக்ல ஸ்கீலயும் ஸ்னோபோர்டுலயும் தங்கம் எடுத்தவங்க, அவங்க ஓட்டறது ஐஸ் மாதிரி இறுகின தரைல, நீள போர்டுல, கேட்டுக்கு (ரேஸ் பாதைல நட்டிருக்கற கம்பங்கள்) நேரம் பாத்து. நமக்கு வேண்டியது அகலமான, லேசான சரிவு. திரும்பறதுக்கு முன்னாடி மேல பாருங்க, கார்வ் பண்றவங்க பாதைய முழுசா குறுக்க வெட்டுவாங்க, பின்னாடி வர்றவங்க அத எதிர்பாக்க மாட்டாங்க.

கடைசியா, ஆள் தாண்டிப் போனதும் கேமராவ ஆஃப் பண்ணிடாதீங்க, பனில இருக்கற கோட்டையும் எடுங்க, அதுவும் காலைல பனிய சமப்படுத்தற மெஷின் ஓட்டி வரி வரியா விட்டிருக்கறப்ப, வேற யாரும் மிதிக்கறதுக்கு முன்னாடி. கத்தி வச்சு கீறின மாதிரி மெல்லிசா கோடு இருந்தா கார்வ். ஒரு ஜாண் அகலத்துக்குத் தேய்ச்சிருந்தா வழுக்கிருக்கீங்க. வளைவோட கீழ்ப்பாதில மட்டும் ஆழமா இருந்தா எட்ஜ லேட்டா போட்டிருக்கீங்கன்னு அர்த்தம், அடுத்த ரன்ல போர்டு கீழ்நோக்கித் திரும்பறதுக்கு முன்னாடியே சாச்சுப் பாருங்க.