இன்டிசைனில் பக்க எண்: மாஸ்டரில் ஒருமுறை போட்டால் போதும்

புத்தகம், இதழ்ப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பக்க எண்ணை ஒவ்வொரு பக்கமாக டைப் செய்யாதீர்கள். மாஸ்டர் பக்கத்தில் (பல பக்கங்களுக்கும் பொதுவான மாதிரிப் பக்கம்; புதிய பதிப்புகளில் இதன் பெயர் 'பேரன்ட்') ஒரு டெக்ஸ்ட் பிரேம், அதாவது எழுத்துக்கான பெட்டி, வரைந்து, கர்சரை அதற்குள் வைத்து, கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், 'என்' (N) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். அங்கே 'ஏ' என்ற ஆங்கில எழுத்துதான் தெரியும், பயப்பட வேண்டாம். அது எண்ணுக்கான குறி. மற்ற பக்கங்களில் சரியான எண்ணாக வந்துவிடும். அதனால்தான் நடுவில் பத்துப் பக்கம் சேர்த்தாலும் நீக்கினாலும் எண்கள் தானாகவே மாறிக்கொள்கின்றன.

எதிரெதிர்ப் பக்க அமைப்பு என்றால் இடது, வலது இரண்டிலும் குறி வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மாஸ்டர் 'நன்' (None, எதுவும் இல்லை) என்றிருக்கும் பக்கங்களில் எண் வராது. அப்புறம், முழுப்பக்கப் படம் வந்தால் எண் அடியில் மறைந்துவிடும். எண்ணைத் தனி லேயரில் (அடுக்கில்), எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.